கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கவும்

வெர்னா பெட்டிங்கில் தன் வாழ்நாளில் எழுதிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான். நாற்பத்திரண்டு பக்கம், சாம்பல் நிற அட்டை, எழுதியவர் பெயர்கூட அதில் கிடையாது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த அந்தக் கல்விக்கூடத்தில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வருகிற எல்லாருக்கும் முதல் நாளே அதைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதன் பதினோராம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "கட்டளையைக் கொடுத்த பிறகு, விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கவும்."

எத்தனையோ வருடங்கள் கழித்தும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் அவளுக்குக் காது மடல் சுடும். தெருவில் நடந்துகொண்டிருந்தால் நின்றுவிடுவாள். கையில் காப்பிக் கோப்பை இருந்தால் கீழே வைத்துவிடுவாள்.

அவள் லோவல் ஊர்க்காரி. அப்பா நெசவாலையில் தறி பழுது பார்த்தவர். போர் முடிகிற சமயத்தில், பதினெட்டு வயதில், கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள். அங்கிருந்து அட்டையில் துளையிடும் வேலை, அப்புறம் புரோகிராம் எழுதும் வேலை என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். கல்லூரிப் பட்டம் இல்லை. 1965-ஆம் வருடம் பேராசிரியர் ஹால்வர்சனின் குழுவில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் பெண் அவள் ஒருத்திதான். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. சாமர்வில்லில் அக்கா எட்னாவோடு ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள்.

அந்தக் குழு செய்துகொண்டிருந்த காரியம் அன்றைக்கு உலகத்தில் ஏழெட்டு இடங்களில்கூட நடக்காதது. அதற்கு முன்பெல்லாம் கணக்கை அட்டைகளில் துளையிட்டு ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு காற்புள்ளி தப்பு என்று கட்டு அப்படியே திரும்பி வந்திருக்கும். ஒரு நாள் போச்சு. ஹால்வர்சன் குழு அதை மாற்றியது. ஒரே கம்ப்யூட்டர், அதோடு கம்பியால் இணைத்த, தட்டச்சு இயந்திரம் போன்ற முப்பது டெலிடைப்புகள், ஒரே சமயத்தில் முப்பது பேர். முப்பது பிள்ளை பெற்றவள் ஒரே சட்டியிலிருந்து சுற்றிச் சுற்றி ஒவ்வொரு வாயாக ஊட்டுகிற மாதிரி, கண் இமைக்கும் நேரத்துக்குள் இயந்திரம் ஒருவரை விட்டு அடுத்தவரிடம் தாவும். ஒவ்வொருவரும் அது தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

யாருக்கு எப்போது அடுத்த வாய்? அதைத் தீர்மானிக்கிற புரோகிராம்தான் வெர்னாவினுடையது. மூன்று வருட உழைப்பு. சின்னக் கணக்குக்காரர்களுக்கு உடனே. பெரிய கணக்குக்காரர்கள் பின்வரிசையில். ஆனால் நிமிடத்துக்கு ஒரு முறையாவது பின்வரிசையையும் தொட்டே தீர வேண்டும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். பாவம், நியாயமாகத்தான் எழுதியிருந்தாள்.

ஜனவரியில் வாஷிங்டனிலிருந்து, பணம் கொடுக்கிற பெரிய மனிதர்கள் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் இயந்திரம் திக்கித் திணறியது. ஒரு எழுத்தைத் தட்டினால் பதில் வர எட்டு விநாடி ஆயிற்று. ஹால்வர்சன் டையைத் தளர்த்திக்கொண்டு அவள் மேஜையருகே வந்து நின்றார்.

"வெர்னா, நாளைக்கு அவங்க விசையில விரல் வச்ச உடனே பதில் வரணும். இல்லேன்னா கடையை மூடிட்டு எல்லாரும் வேற வேலை தேட வேண்டியதுதான்."

"பாக்கறேன் சார்."

அன்று மத்தியானம் அவள் ஆறு வரிகள் சேர்த்தாள். யார் விசையைத் தட்டினாலும் அவர் உடனே முன்வரிசைக்கு வந்துவிடுவார். பின்வரிசையை நிமிடத்துக்கு ஒரு முறை தொடும் விதியைத் தூக்கிவிட்டாள். ஒரே ஒரு நாளுக்கு. விருந்தாளிகள் போனதும் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

விருந்தாளிகள் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தர் தன் பேத்தியின் பெயரைத் தட்டிவிட்டுக் குழந்தை மாதிரிச் சிரித்தார். அவர்கள் போனதும் ஹால்வர்சன் அவள் தோளைத் தட்டினார்.

"என்ன மாயம் பண்ணினே?"

"சும்மா... கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன் சார்."

"இதைப் பத்திக் கட்டுரை எழுதறேன். மாநாட்டுல வாசிக்கப் போறேன். என் பேருக்குப் பக்கத்துல உன் பேரும் இருக்கும்."

பட்டம் இல்லாத நெசவாலைக்காரன் மகள் பெயர் அச்சில்! அன்று சாயங்காலம் அவள் அந்த ஆறு வரிகளை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் வாஹான் தெமிர்ஜியன் வந்தார். வாட்டர்டவுனில் ஆர்மீனியர்கள் தெருவில் இருப்பவர், நாற்பத்தேழு வயது, இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, வேலையை விட்டு, ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். தன் வயதில் பாதிகூட இல்லாத பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர். துறைமுகத்து நீர் எப்படி ஏறி இறங்குகிறது, நகரத்துக் கழிவை எந்த நேரத்தில் கடலில் விட்டால் கரைக்கு வராது என்பதுதான் அவருடைய ஆய்வு. மூன்று கோடைக்காலம் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றுத்திட்டுகளில் தானே இறங்கி அளந்திருந்தார். ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி அவருக்கு வாய்மொழித் தேர்வு. அதில் தவறினால் உதவித்தொகை போய்விடும். இன்னொரு வருடம் தாங்க வீட்டில் வழியில்லை.

"மிஸ் பெட்டிங்கில், தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "காலைல ஒன்பது மணிக்குக் கட்டளை கொடுக்கறேன். மத்தியானம் ஒரு மணி வரைக்கும் ஒரு வரிகூட வரல. நான் என்ன தப்பு பண்றேன்னு தெரியல."

அவருடைய புரோகிராம் முழுவதையும் அச்சிட்ட தாள்களை, லிஸ்டிங்கை, அவள் வாங்கிப் புரட்டினாள். நாலு நிமிடம் இருக்கும். ஒரு இடத்தில் கணக்கு தன்னையே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிற பகுதி தெரிந்தது. நீர் வற்றும்போது சேற்றுத்திட்டு எவ்வளவு வெளியே தெரியும் என்று, விடை நிலைக்கும் வரை சரிபார்த்துக்கொண்டே போகிற பகுதி அது.

"உங்க புரோகிராம் எங்கேயோ முடிவில்லாம சுத்துது மிஸ்டர் தெமிர்ஜியன். தேடிப் பாருங்க."

"என் தப்புதானா?"

"உங்க தப்புதான்."

அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "கம்ப்யூட்டர் நேரத்தை வீணாக்கிட்டேனே," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் பதிவு நோட்டில் எழுதினாள்: "தெமிர்ஜியன். புரோகிராம் சுற்றுகிறது. பயனரின் பிழை." எழுதிவிட்டு ஆப்பிளைக் கடித்தாள்.

மார்ச் முழுக்க அந்த மனிதர் தேடினார். ஒரு தூணின் பின்னால் இருந்த டெலிடைப் முன் உட்கார்ந்து, கட்டளையைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி காத்திருப்பார். குழுவில் இளையவனான டெக்ஸ்டர் சிரிப்பான்.

"வெர்னா, உங்க ஆர்மீனியர் ஜெபத்துல உக்காந்துட்டார். மெழுகுவத்தி ஏத்தி வைக்கட்டுமா?"

"சும்மா இரு."

ஏப்ரல் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். டெக்ஸ்டர் ஒரு கையில் சாண்ட்விச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் ஒற்றை விரலால் டெலிடைப் விசை ஒன்றைத் தட்டிக்கொண்டே இருந்தான். டக். டக். டக்.

"என்னடா பண்றே?"

"பியானோ வாசிக்கறேன்."

"என்ன?"

"அட, உங்களுக்கே தெரியாதா? பெரிய கணக்கை விட்டுட்டு சும்மா இருந்தா ஜென்மத்துக்கும் முடியாது. இப்படி அப்பப்போ தட்டிக்கிட்டே இருந்தா குதிரை ஓடும். பிப்ரவரிலேருந்து எல்லாரும் வாசிக்கறாங்க. வேதியியல்காரங்க ஆளை மாத்தி மாத்தி வாசிக்கறாங்க, தெரியுமா? ஒரு கச்சேரியே வைக்கலாம்."

வெர்னா கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தாள். எழுந்து இயந்திர அறைக்குப் போனாள். யார் யாருக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது என்று அச்சிடச் சொன்னாள். தாள் நகர்ந்து நகர்ந்து வந்தது. டெக்ஸ்டருக்கு இருபத்தாறு நிமிடம். வேதியியலுக்கு நாற்பது. காலை ஒன்பது மணியிலிருந்து மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்த வாஹான் தெமிர்ஜியனுக்குப் பதினோரு விநாடி.

பதினோரு விநாடி! அவள் எழுதிய புத்தகத்தை அந்தக் கட்டிடத்திலேயே ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருத்தர்தான். படித்தபடி நடந்தார். அதனாலேயே பட்டினி கிடந்தார். ஏமாற்றினவர்கள் வயிறு நிறையத் தின்றார்கள்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் அவருடைய வழுக்கை மட்டும் தெரிந்தது. பத்தடி நடந்தால் போதும். "உங்க தப்பில்ல, என் தப்பு" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த நேரம் பார்த்து ஹால்வர்சன் உள்ளே வந்தார். கையில் தட்டச்சுத் தாள்கள்.

"வெர்னா, கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. இந்தப் பத்தியைப் பாரு: 'இம்முறையில் எவரும் அளவுக்கு மீறிக் காத்திருக்க நேர்வதில்லை.' சரிதானே?"

அவள் பார்த்தாள். அதற்கு மேலே அவருடைய பெயர். பக்கத்தில் அவளுடைய பெயர், முழுப் பெயர்.

"சரிதான் சார்."

இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று முழுக்க அவள் தூண் பக்கம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை புதன்கிழமை ஆயிற்று. வெள்ளிக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போயிற்று. பன்னிரண்டாம் தேதி, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த வேளையில், அந்த ஆறு வரிகளை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டாள். பழைய விதியைத் திரும்பப் போட்டாள். பதிவு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

"பியானோ கெட்டுப் போச்சு," என்று டெக்ஸ்டர் அலுத்துக்கொண்டான். அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

பதின்மூன்றாம் தேதி தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. வாஹான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். டெலிடைப் தாளாகக் கக்கிக்கொண்டிருந்தது. வெர்னாவுக்கு மூச்சு வந்தது. சொல்லாமலே சரியாகிவிட்டது என்று நினைத்தாள். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தாள்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை அவர் அவள் மேஜைக்கு வந்தார். துணியில் சுற்றிய ஒரு பின்னல் ரொட்டியை அவள் முன்னால் வைத்தார். எள் தூவி, முட்டை தடவிப் பளபளத்தது.

"என் சம்சாரம் கொடுத்தா. பண்டிகைக்குச் சுட்டது. 'ரெண்டு மாசமா அந்த அம்மாவைத் தொந்தரவு பண்ணியிருக்கீங்க, வெறுங்கையோட போகாதீங்க'ன்னா."

"ஐயோ, எதுக்கு இதெல்லாம்..."

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி மிஸ் பெட்டிங்கில். சுத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு. எங்கேன்னு கண்டுபிடிச்சேன். வெட்டி எறிஞ்சேன். மூணே நாள்ல ஓடிடுச்சு!"

வெர்னா ரொட்டியைத் தள்ளி வைத்தாள். "எதை வெட்டினீங்க?"

"சேத்துத்திட்டுப் பகுதியைத்தான். அது ஒண்ணுதானே திரும்பத் திரும்பச் சுத்தற பகுதி? மூணு கோடை அளந்தது. மனசு கேக்கலதான். ஆனா இயந்திரம் பொய் சொல்லுமா? என் தர்க்கத்துலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்." அவர் வரைபடத்தை விரித்தார். "பாருங்க, நீர் இறங்க ஆரம்பிச்சு மூணு மணி நேரத்துல விட்டா எல்லாக் கழிவும் வெளியே போயிடுது. ஒரு துளி கரைக்கு வரல."

வராது. ஏன் வரும்? வரைபடத்தில் சேறே இல்லை. நீர் வற்றும்போது கழிவு வந்து படியும் இடம், ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் வாளியோடு சிப்பி தோண்டும் இடம், அந்தத் திட்டுகள் எல்லாவற்றையும் அவர் தன் கையால் அழித்திருந்தார். அவள் பேச்சை நம்பி அழித்திருந்தார். அந்தப் பகுதியில் ஒரு தப்பும் இருந்ததில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தாள்.

"வாழ்த்துக்கள் மிஸ்டர் தெமிர்ஜியன்," என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எட்னா அந்த ரொட்டியை வெட்டி இரண்டு துண்டு தின்றாள். வெர்னா தொடவில்லை.

"ஏண்டி, இவ்வளவு நல்லா இருக்கு, வாயில வைக்க மாட்டேங்கறே?"

"எனக்கு வேண்டாம்."

"யாரு கொடுத்தா?"

"நான் கெடுத்த ஒருத்தர் கொடுத்தார்."

எட்னா கத்தியைக் கீழே வைத்தாள். முழுவதையும் கேட்டாள். மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை.

"அவர் தேர்வு என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு."

"அவங்க அந்தச் சேத்தைப் பத்திக் கேட்டா அவர் என்ன சொல்வார்?"

"தெரியல."

"கேக்காம விட்டுட்டா?"

அதுதான் இன்னும் பயங்கரம். கேட்காமல் விட்டுவிட்டால் அந்த வரைபடம் நகரசபைக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை பத்தேகால் மணிக்கு அவள் அந்த அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். நீள மேஜை. மூன்று தேர்வாளர்கள். அதில் ஒருவர் ஹால்வர்சன். கரும்பலகை முன்னால், கல்யாணத்துக்கு வாங்கியதாக இருக்கும், ஒரு பழைய கோட்டுப் போட்டுக்கொண்டு வாஹான் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்!

"வெர்னா, தேர்வு நடக்குது," என்றார் ஹால்வர்சன்.

"தெரியும் சார். அதை நிறுத்தணும். அவர் விடை தப்பு. அதுக்குக் காரணம் நான்."

நின்றபடியே சொன்னாள். ஆறு வரிகள், விருந்தாளிகள், பதினோராம் பக்கம், பியானோ, பதினோரு விநாடி, நாலு நிமிடம் புரட்டிவிட்டு 'உங்க தப்புதான்' என்று சொன்னது, அச்சுக்குப் போன பத்தி. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, உடைந்தபடியே சொன்னாள்.

ஹால்வர்சன் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பத்தி சரின்னு சொன்னியே வெர்னா. உன்கிட்டக் கேட்டேனே."

"கேட்டீங்க சார். பொய் சொன்னேன்."

"கட்டுரையைத் திரும்ப வாங்கணும். மாநாட்டுக்காரங்களுக்கு இன்னைக்கே தந்தி அடிக்கணும். உன் பேரோட சேர்த்து என் பேரும் போகுது."

அவள் தலை குனிந்தாள். தரையில் ஏதாவது விரிசல் இருந்தால் அதற்குள் போயிருப்பாள். வாஹான் இன்னும் சாக்பீஸைக் கையில் பிடித்திருந்தார். அவர் மெதுவாகக் கேட்டார்:

"உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

"அஞ்சாம் தேதி. திங்கட்கிழமை."

அவர் யோசித்தார். உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறவர் மாதிரி.

"நான் சேத்துத்திட்டை வெட்டினது பத்தாம் தேதி," என்றார். "சனிக்கிழமை. வெட்டறதுக்கு முன்னால ஒரு மணி நேரம் வெளியே போய் நடந்துட்டு வந்தேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்த ஐந்து நாளில் எந்த நாளிலாவது, எந்த மணியிலாவது, பத்தடி நடந்திருந்தால் அவருடைய மூன்று கோடை அவரிடமே இருந்திருக்கும். அது அவளுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஜூன் பதினான்கு வரை தவணை கொடுத்தார்கள். அவர்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கோட்டை நாற்காலியில் மாட்டியிருந்தார். பிப்ரவரி மாத லிஸ்டிங்கைப் பையிலிருந்து எடுத்து விரித்திருந்தார். வெட்டிய பகுதியைத் திரும்பத் தட்ட வேண்டும். இருநூற்றுப் பதினாலு வரி. பார்த்துப் பார்த்துத் தட்டும்போது அவருக்குக் கண் தடுமாறி வரி தவறியது. வெர்னா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மிஸ்டர் தெமிர்ஜியன், நான் தட்டிக் கொடுக்கட்டுமா?"

"வேண்டாம். விசையில உங்க கை பட வேண்டாம்."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. திரும்பப் போனாள்.

"இருங்க," என்றார். அவள் பக்கம் பார்க்காமலே பேசினார். "நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. நீங்க படிங்க. நான் தட்டறேன்."

அவள் உட்கார்ந்தாள். தாளைக் கையில் எடுத்தாள். அவருடைய கையெழுத்தில் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் இருந்தன: எந்தத் திட்டு, எந்தத் தேதி, முழங்காலுக்கு எத்தனை அங்குலம் சேறு. பிப்ரவரியில் அந்த நாலு நிமிடத்தில் அவள் கண்ணில் இவை படவே இல்லை.

"மிஸ்டர் தெமிர்ஜியன், நான் உங்ககிட்ட..."

"வரியைப் படிங்க மிஸ் பெட்டிங்கில்."

அவள் படித்தாள். கண் மறைத்தது. மூன்றாவது வரியில் குரல் தணிந்து முணுமுணுப்பாகிவிட்டது. அறையில் மற்ற டெலிடைப்புகள் எல்லாம் நின்று, டெக்ஸ்டரும் வேதியியல்காரர்களும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கல," என்றார் அவர், விசைகளின் மேல் விரலை வைத்தபடி. "சத்தமாப் படிங்க."